உங்களுக்குத் தெரியுமா? – கறளும் கொப்பர் கிறீஸும்

தோப்பூரில் வாகனம் வைத்திருப்பவனுக்கு வாடையும் ஒன்றுதான், கச்சானும் ஒன்றுதான். கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து உப்பு வரும். வயல் பக்கமிருந்து சேறும் உரமும் வரும். எல்லாம் காருக்கு அடியில் போய்க் கூடி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் கலியாணம் முடித்து வைத்துவிடும். பிறகு காதி கோட்டுக்குப் போனாலும் பிரியாது.

என் பழைய வேனின் சைலன்சர் மெனிஃபோல்டில் ஒரு ஸ்டட்டை அண்மையில் நானே முறித்தேன். முறிவதற்கு முன்னால் அது ஒரு சைகை காட்டியது. கல்லைத் திருகுவதுபோல நின்ற சாவி, திடீரென்று டொஃபியைத் திருகுவதுபோல இளகியது. நட் கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் ஸ்டட்தான் முறுகிக்கொண்டிருந்தது. அடுத்த கால் சுற்றில் ‘டிக்’. பக்கத்துக் கராஜ் பாஸ் எட்டிப் பார்த்தார். “நானா, எண்ணெய் விட்டு ஒரு ராவு வெச்சிருந்தா வந்திருக்குமே. இப்ப அரை நாள் ட்ரில் வேல” என்றார். அந்த அரை நாள் முழுக்க அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டதும், பிறகு தேடிப் படித்ததும்தான் இந்தத் துணுக்குகள்.

● இரும்பைக் கறள் தின்கிறது என்கிறோம். தின்பதோடு விட்டால் நட் தளர்ந்தல்லவா போகவேண்டும்? ஏன் இறுகுகிறது? கறளாகும்போது இரும்பு ஊதுகிறது. அழிந்த இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடம் கறளுக்குத் தேவை. புரிகளுக்கு இடையில் இருப்பதோ தலைமயிர் அளவு சந்து. அந்தச் சந்துக்குள் ஊதினால் ஆப்பு அடித்த மாதிரித்தான்.

● அந்தச் சந்தைக் கறளுக்கு முந்தி நாமே நிரப்பிவிடுவதுதான் அன்டி சீஸ் பசையின் வேலை. நம் பக்கத்தில் எந்த நிறத்தில் வந்தாலும் அதற்குக் ‘கொப்பர் கிறீஸ்’ என்றே பெயர். உள்ளே இருப்பது இரண்டு பொருள்: கொஞ்சம் கிறீஸ், அதில் குழைத்த நுண்ணிய தூள். செம்பு, அலுமினியம், நிக்கல், கிராஃபைட் என்று தூள் மாறும். கிறீஸ் வெறும் வண்டிதான். தூளைப் புரிக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சூடு ஏறியதும் எரிந்து போய்விடும். டப்பாவில் 1000 பாகை தாங்கும் என்று எழுதியிருப்பது தூளுக்கான கணக்கு. சாதாரண லிதியம் கிறீஸ் 200 பாகை செல்சியஸுக்குக் கிட்டப் போனாலே உருகி வடிந்துவிடும். பெயாரிங் கிறீஸைச் சைலன்சர் நட்டில் அப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். நானும் பத்து வருடம் அப்படித் தூங்கியவன்.

● பொதுவாக அலுமினியம் கலந்த வெள்ளிநிறப் பசை 870 பாகை வரை தாங்கும். செம்பு கலந்தது ஏறக்குறைய 1000, சில கம்பனிகளில் 1100. நிக்கல் 1300ஐத் தாண்டும். பெரிய எண்ணைப் பார்த்து நிக்கல் வாங்கி வருகிறவர்கள் உண்டு. பெற்றோல் காரின் சைலன்சருக்குள் ஓடும் புகையே பெரும்பாலும் 900 பாகைக்குள்தான் இருக்கும். அந்தக் குழாயை வெளியிலிருந்து பிடித்திருக்கும் நட்டுக்கு அவ்வளவும் வராது. நிக்கல் தூள் பலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. சுவாசத்தில் போவதும் நல்லதல்ல. தேவையில்லாத இடத்தில் விலை கூடின தொல்லை அது. சூட்டை மட்டும் பார்த்துப் பசை தெரிவு செய்வதே பிழை. எந்த உலோகம் எந்த உலோகத்தைத் தொடுகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கப்பல் கதை.

● 1761இல் பிரித்தானியக் கடற்படை, புழு அரிக்காமலிருக்க ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடிப்பக்கம் முழுவதற்கும் செம்புத் தகடு அடித்தது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியதும் தகட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். புழு இல்லை. தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகளும் இல்லை. பல இடங்களில் அவை களியாகிப்போயிருந்தன. சில இடங்களில் மட்டும் ஆணி புதிது மாதிரி இருந்தது. காரணம், தகடுகள் சுற்றி வந்த பழுப்புத் தாள் அந்த இடங்களில் உரியாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. செம்பு ஒரு பக்கம், இரும்பு மறுபக்கம், நடுவில் உப்புநீர்: பற்றரி என்பது இதுதான். அந்தப் பற்றரியில் கரைந்துபோவது எப்போதும் தாழ்ந்த உலோகம்.

● செம்புக்கு முன்னால் இரும்பைவிடத் தாழ்ந்தது அலுமினியம். அலோய் சில்லு, சில கார்களின் பிறேக் கலிப்பர், இன்றைய எஞ்சின் ஹெட் எல்லாம் அலுமினியம். அதில் செம்புப் பசையைத் தாராளமாகப் பூசிவிட்டு மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால், அலார்ம் கப்பலின் கதை சின்ன அளவில் தொடங்கிவிடும். கடல் இல்லாத ஊரில் அது நடக்கப் பல வருடம் எடுக்கலாம். இங்கே அவ்வளவு பொறுமை இராது. அலுமினியப் புரிகளுக்கென்றே துத்தநாகத் தூள் கலந்த பசை உண்டு. துத்தநாகம் அலுமினியத்துக்கு அண்டை வீட்டுக்காரன், சண்டை குறைவு. உலோகமே கலக்காத, செரமிக் தூள் போட்ட வெள்ளைப் பசையும் உண்டு.

● நம் மாவட்டத்தின் பெயரைச் சுமந்த கப்பலுக்கு ஆணி அரிபடும் தொல்லை ஏன் குறைவு? ‘திருகோணமலை’ போர்க்கப்பல் 1817 ஒக்டோபரில் பம்பாயில், வாடியா குடும்பத்தின் கப்பல்கட்டும் தளத்தில், தேக்கு மரத்தில் கட்டி நீரில் இறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஓக் மரத்தில் உள்ள துவர்ப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். மரத்துக்குள்ளேயே அன்டி சீஸ். இருநூறு வருடம் தாண்டியும் அந்தக் கப்பல் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் அதுவே மூத்தது.

● ஒரு நட்டை இறுக்க நீங்கள் செலவழிக்கும் பலத்தில் எவ்வளவு உண்மையில் இறுக்கத்துக்குப் போகிறது? பத்தில் ஒரு பங்குதான். ஏறக்குறைய பாதியை நட்டின் முகம் உரசித் தின்றுவிடும். மீதியில் பெரும்பங்கைப் புரி தின்றுவிடும். மிஞ்சுகிற அந்தப் பத்துவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது.

இதில்தான் பசையின் ஆபத்து இருக்கிறது. பசை உரசலைக் குறைக்கும். உரசல் தின்கிற தொண்ணூறில் கொஞ்சம் மிச்சமானாலும் அது முழுவதும் அந்தப் பத்தோடு போய்ச் சேரும். டொயோட்டாக் கார்கள் பலவற்றின் சில்லு நட்டுக்குச் சொல்லப்படும் அளவு 103 நியூட்டன் மீற்றர். 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில், காய்ந்த புரியில் அந்த அளவுக்கு இறுக்கினால் கணக்குப்படி 4 தொன்னுக்குச் சற்று மேல் இழுவிசை வரும். பசை பூசிவிட்டு அதே 103க்கு இறுக்கினால் 6 தொன்னைத் தாண்டும். டொர்க் சாவி இரண்டு தடவையும் ஒரே ‘க்ளிக்’தான் சொல்லும், அதற்கு வித்தியாசம் தெரியாது. ஸ்டட்டுக்குத் தெரியும்.

● ஆகவே சில்லு நட்டுக்குப் பூசலாமா? உற்பத்திக் கம்பனிகளில் பெரும்பாலானவை கூடாது என்கின்றன. அவர்கள் தரும் அளவு காய்ந்த, சுத்தமான புரிக்கானது. நம் பக்கத்தில் பாதிப்பேர் பூசுகிறார்கள், பூசிவிட்டுக் கால்வைத்து மிதித்தும் இறுக்குகிறார்கள். பூசவேண்டிய இடம் வேறு: சில்லு வந்து உட்காரும் ஹப்பின் முகமும் நடு வட்டமும். நடு வீதியில் பஞ்சராகி, நட்டெல்லாம் கழற்றியும் சில்லு ஹப்பை விட்டு வராமல் உதைத்தவர்களுக்குத் தெரியும். அந்த வட்டத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு போதும். ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

● புதிய ஸ்பார்க் பிளக்கின் புரி ஏன் பளபளக்கிறது? அழகுக்கல்ல. அந்த உலோகப் பூச்சே கறளையும் இறுக்கத்தையும் தடுக்கப் போட்டது. அதனால் தங்கள் பிளக்குக்குப் பசை வேண்டாம் என்று என்ஜிகே கம்பனி சொல்கிறது. பூசினால் டொர்க் கணக்கு 20 வீதம் வரை பிழைக்கலாமாம். அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீற்றர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றர் போதும். டொர்க் சாவி இல்லாதவர்கள் விரலால் முட்டுகிறவரை பூட்டிவிட்டு, வொஷர் உள்ள புதிய பிளக்கானால் பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. அதற்கு மேலே போகிற கை கொஞ்சம் ஆசைப்பட்ட கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால், புரியும் பிளக்கோடு சேர்ந்து வரலாம். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

● சைலன்சரில் பூட்டும் ஒட்சிசன் சென்சருக்கு மட்டும் பசை கட்டாயம். பல கம்பனிகள் புதியதில் பூசியே அனுப்புகின்றன. சில வாகனங்களில் அது கிராஃபைட்டும் கண்ணாடிக் குறுமணியும் கலந்த பசை. முதல் சூட்டிலேயே கிராஃபைட் எரிந்து போகும். மணிகள் மட்டும் புரிக்குள் நின்று, அடுத்த தடவை கழற்ற உருளை மாதிரி உதவும். சென்சரின் மூக்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. சிலிக்கோன் கலந்த கிறீஸும் ஈயமும் அந்த மூக்குக்கு நஞ்சு.

● வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மில்க் ஒஃப் மக்னீசியாவை விமானத்தின் ஜெட் எஞ்சின் போல்ட்டுக்கும் பூசியிருக்கிறார்கள், கைப்புத்தகத்தில் சொன்னபடியே. சூட்டில் தண்ணீர் ஆவியாகி, மக்னீசியம் ஒக்சைட் வெள்ளைத் தூளாக மிஞ்சும். எந்த நெருப்புக்கும் அசையாத தூள் அது. சிலவகை எஞ்சின் உலோகங்களைச் செம்பும் ஈயமும் சூட்டில் கெடுத்துவிடும் என்பதால் வந்த யோசனை. உடனே பாமசிக்கு ஓடவேண்டாம். கடற்கரைக் காரில் அதற்கு மழை தாங்கும் சக்தி கிடையாது.

● டபிள்யூடி-40 அன்டி சீஸ் அல்ல. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு சின்னக் கம்பனி, ராக்கெட்டின் மேல் ஈரம் தங்காமல் விரட்ட முயன்றது. நாற்பதாவது தடவையில் சரிவந்தது. பெயரில் உள்ள 40 அதுதான். இறுகியதைக் கழற்ற ஓரளவு உதவும். பூசிப் பூட்டினால் சில வாரத்தில் காய்ந்துவிடும். அதே 1953இல்தான் கனெக்டிகட்டில் வெர்னன் கிரீபிள் என்ற பேராசிரியர், காற்றுப்படாத இடத்தில் மட்டும் இறுகும் திரவத்தைக் கண்டுபிடித்தார். லொக்டைட் என்று பிறகு பிரபலமானது அதுவே. ஒரே ஆண்டில் ஒன்று நட்டைக் கழற்ற, ஒன்று நட்டைக் கழலாமல் வைக்க. ஒரே போல்ட்டில் லொக்டைட்டும் கொப்பர் கிறீஸும் பூசிய ஒருவரை எனக்குத் தெரியும். எதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றார்.

● பிறேக் பக்கம் கவனம். கலிப்பர் ஊசியில் செம்புப் பசை பூசினால் அதிலுள்ள பெற்றோலிய எண்ணெய் ரப்பர் உறையை ஊதவைக்கும், ஊசி அசையாது. அதற்குச் சிலிக்கோன் கிறீஸ்தான். ஏபிஎஸ் சென்சருக்குப் பக்கத்தில் உலோகத்தூள் வேண்டாம். பேட்டின் முகத்திலும் டிஸ்க்கிலும் பட்டால் என்ன நடக்கும் என்று எழுதவேண்டியதில்லை.

● எவர்சில்வர் கறள் பிடிக்காது, எனவே இறுகாது என்று நம்பினால் ஏமாறுவீர்கள். எவர்சில்வர் நட், எவர்சில்வர் போல்ட், வேகமான கை: இந்த மூன்றும் சேர்ந்தால் புதுப் புரியே பாதி வழியில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் உள்ள மெல்லிய காப்புப்படலம் உரசி உரிந்ததும், உலோகம் உலோகத்தோடு நேரே பற்றவைத்த மாதிரிச் சேர்கிறது. வெல்டிங் இல்லாத வெல்டிங். பிறகு அறுப்பதுதான் வழி. படகுக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். பசை பூசி, மெதுவாக, கையால் பூட்டவேண்டும்.

● சைலன்சர் நட் சில வாகனங்களில் ஏன் செம்பு நிறம்? செம்பு முலாம் பூசிய நட், சிலவற்றில் பித்தளையே. நட் ஸ்டட்டோடு இறுகிப் பிடிக்காமலிருக்கவும், இறுகினாலும் கெடுவது விலை குறைந்த நட்டாக இருக்கட்டும், ஸ்டட் பிழைக்கட்டும் என்றும் செய்த ஏற்பாடு. நான் முறித்த இடத்தில் முன்னர் யாரோ சாதாரண இரும்பு நட்டைப் பூட்டியிருந்தார்கள். அந்த யாரோவும் நானாக இருக்கலாம்.

● நட் கழல மறுக்கிறதா? எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று பாருங்கள். பழைய லொறிகள், பஸ்கள் சிலவற்றில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இடப்புரி. ஓட்டத்தில் தானாகக் கழலாமலிருக்க. கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டிருப்போம். இதைவிட வினோதம், பழைய மொரிஸ் எஞ்சின்கள் சில. மொரிஸ் கம்பனி 1923இல் வாங்கிய கொவென்றி தொழிற்சாலை, பிரெஞ்சுக் கம்பனியான ஹொட்ச்கிஸ்ஸுடையது. இயந்திரமெல்லாம் மெற்றிக். எனவே புரி மெற்றிக், சாவிக்கான தலை மட்டும் ஆங்கில அளவு. இங்கிலாந்துச் சாவி பொருந்தும், இங்கிலாந்து நட் பொருந்தாது.

● கொட்டியாரத்துக்குத் திருத்த வேலைக்கென்று வந்து கழலமுடியாமல் மாட்டிக்கொண்டவர்களில் பேர்போனவர் ரொபர்ட் நொக்ஸ். புயலில் பாய்மரம் போன ‘ஆன்’ கப்பலுக்குப் புது மரம் போடத்தான் தகப்பனோடு இந்தக் குடாவுக்குள் வந்தார். 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தார்கள். 1679இல்தான் தப்பி அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தார். பத்தொன்பது வருடம். நம் ஸ்டட்டுகளுக்கு அவ்வளவு தேவையில்லை, இரண்டு வாடைக்காலம் போதும்.

● 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, மூதூர்ப் பக்கத்து வாகனம் கரையோரமாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் அந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் களப்பைக் கடக்கவேண்டியிருந்தது. பாதை என்றால் இங்கே றோட்டு அல்ல, வாகனம் ஏற்றும் மிதவை. ஏறும்போதும் இறங்கும்போதும் சில்லு உப்புத்தண்ணீரில் நனையும். அந்தக் காலத்து வேன்கள் இன்னும் ஊருக்குள் ஓடுகின்றன. அவற்றின் அடியில் படுத்தவர்களுக்குத்தான் அந்த வரலாறு தெரியும்.

● 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி விட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில், புதியது வராது என்று தெரிந்து எல்லோரும் பழையதையே கழற்றிக் கழற்றிப் பூட்டினார்கள். ஒரே போல்ட் நாலைந்து தடவை கழன்றது. ஹார்ட்வெயார் கடையில் கொப்பர் கிறீஸ் டியூப் கேட்பவர்களை நான் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

● ஒரு டியூப்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? என் அபிப்பிராயம்: நம் கடற்கரையில், அலுமினிய எஞ்சின் உள்ள யப்பான் காருக்கு, கிடைத்தால் உலோகம் கலக்காத வெள்ளைப் பசை. கிடைக்காவிட்டால் வெள்ளிநிறம். செம்பு சைலன்சருக்கு, இரும்போடு இரும்பு பூட்டும் இடத்துக்கு மட்டும். பழைய இரும்பு எஞ்சின், லேண்ட்மாஸ்டர், ட்ராக்டர் வைத்திருப்பவர்கள் செம்போடு சந்தோஷமாக இருக்கலாம். எதை வாங்கினாலும் புரியைக் கம்பி பிரஷ்ஷால் உரசிவிட்டுத்தான் பூசவேண்டும். கறளின் மேல் பூசிய பசை, அழுக்குச் சட்டைக்கு மேல் அடித்த அத்தர்.

● எவ்வளவு பூசுவது? புரியின் பள்ளம் நிரம்பினால் போதும், மேடு தெரியவேண்டும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் பூட்டும்போது வெளியே பிதுங்கும். பிதுங்கியது விரலுக்கு வரும். விரலிலிருந்து சாவிக்கு, சாவியிலிருந்து ஸ்டியரிங்குக்கு, அங்கிருந்து வீட்டுக் கதவுப்பிடிக்கு, தேநீர்க் கோப்பைக்கு, கடைசியில் வெள்ளைச் சாரத்துக்கு. சவர்க்காரம் மட்டும் போட்டால் போகாது. முதலில் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்துவிட்டு, பிறகு சவர்க்காரம். கைக்கு இது சரி. சாரத்துக்கு எதுவும் சரிவரவில்லை; அது இப்போது கராஜில், பாஸின் டொர்க் சாவியைச் சுற்றிவைக்கும் துணியாக இருக்கிறது.